மரச்செக்கு வைத்துப் பிழைக்கலாமா? வேலையை விட்டு வர நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

தாராபுரம் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறேன். 2018 தை மாதம் தொடங்கினேன். அதற்கு முன் 14 வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு பேராவது நேரில் வந்தோ போனிலோ கேட்கிறார்கள். செக்கைப் பற்றிக் கேட்பது குறைவு. "மனசுக்கு ஒப்புற மாதிரி ஒரு தொழில் செய்யணும் அக்கா, ஆனா வீடும் நடக்கணும்" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இதில் வரும் விலைகள் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. நிலக்கடலைப் பருப்பு விலை ஏறும் இறங்கும், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

நல்ல வேலையை ஏன் விட்டீர்கள்?

சம்பளம் குறைவு என்று விடவில்லை. அந்தக் கம்பெனிக்கு லேபிள் அச்சடித்துத் தருபவர் ஒருவர் ஒவ்வொரு மாதமும் பில்லோடு வருவார். வங்கியில் பணம் இருக்கும், அது என் கம்ப்யூட்டர் திரையிலேயே தெரியும். ஆனாலும் "பத்து நாள் கழிச்சு வாங்கண்ணா" என்று சொல்ல வேண்டியது என் வேலை. அவர் ஒன்றும் பேசாமல் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். பத்து நாள் கழித்து வந்தால் இன்னும் பத்து நாள். இப்படியே வருடக்கணக்கில் நடந்தது. ஒரு நாள் அவர் தன் மகளின் கல்லூரிக் கட்டணத் தேதியைச் சொல்லிக் கேட்டார். அன்றைக்கும் நான் அதே பதிலைத்தான் சொன்னேன். இரவு தூக்கம் வரவில்லை.

கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டிய நாளில் கொடுக்கும் ஒரு இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. அப்படி ஓர் இடம் கிடைக்காததால் நானே தொடங்கினேன். செக்கு அதற்குப் பின்னால் வந்த முடிவுதான். எங்கள் பக்கம் கடலையும் எள்ளும் தேங்காயும் விளைகின்றன. கணவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். அதனால் செக்கு பொருத்தமாக இருந்தது.

நினைத்த மனநிறைவு கிடைத்ததா?

கிடைத்தது. ஆனால் நாள் முழுக்கக் கிடைப்பதில்லை. செக்குச் சத்தத்தில் ஒன்பது மணி நேரம் நிற்பதும், புண்ணாக்கு மூட்டை தூக்குவதும், டிரம் கழுவுவதும் உடம்பு நோகும் வேலைகள். நிறைவு வரும் இடம் வேறு.

தொடங்கிய இரண்டாம் மாதம் மூலனூர் பக்கமிருந்து ஒரு பெரியவர் மூன்று மூட்டை கடலை கொண்டுவந்தார். எடை போட்டேன், உடைத்துப் பார்த்தேன், விலை பேசி முடித்தோம். மூட்டைகளை இறக்கிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எப்ப வரட்டும் கண்ணு?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. பணத்துக்கு எந்த நாள் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நான் கல்லாவைத் திறந்து எண்ணிக் கொடுத்ததும் "இன்னிக்கேவா?" என்று இரண்டு முறை கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து மெதுவாகத் திருப்பி எண்ணினார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அந்த அரை மணி நேரம் இன்னும் என்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அவர் இப்போதும் வருகிறார், தன் அண்ணன் தம்பிகளின் கடலையையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்.

வேலையை உடனே விட்டுவிடலாமா?

வேண்டாம். ஆறு மாதம் வேலையில் இருந்துகொண்டே, உங்கள் பக்கம் இருக்கும் ஒரு செக்கில் கூலிக்கு ஆட்டி வாங்கி விற்றுப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டி, தெளிய வைத்து, வார நாட்களில் கம்பெனித் தோழிகளுக்கும் தெருவில் உள்ளவர்களுக்கும் விற்றேன். மாதம் 60 லிட்டர் போனது. முதல் முறை வாங்கியவர்களில் எத்தனை பேர் மூன்றாம் முறையும் கேட்டார்கள் என்பதைத்தான் நோட்டில் குறித்து வைத்தேன். முதல் முறை நம் முகத்துக்காக வாங்குவார்கள். மூன்றாம் முறை எண்ணெய்க்காக வாங்குவார்கள்.

வீட்டுச் செலவுக்கு எத்தனை மாதம் கையிருப்பு வேண்டும் என்றும் கேட்பார்கள். 12 மாதம் இருந்தால் நிதானமாக இருக்கலாம் என்பேன். எங்கள் வீட்டில் கணவரின் வருமானம் இருந்ததால் எட்டு மாதக் கையிருப்போடு இறங்கினேன். அதுவே போதாமல்தான் இருந்தது.

எவ்வளவு முதல் போட்டீர்கள்?

2018இல் செக்கு மோட்டாரோடு 1,65,000 ரூபாய். மின் இணைப்பும் வயரிங்கும் 22,000. எவர்சில்வர் டிரம், தராசு, பாட்டில் 31,000. கொட்டகைக்கு முன்பணம் 30,000. முதல் சரக்குக்கு 90,000. ஆக மொத்தம் 3,38,000 ரூபாய்.

புதிதாக வருபவர்கள் கடைசியாகச் சொன்ன 90,000ஐ மறந்துவிடுகிறார்கள். இயந்திரத்துக்குக் கடன் வாங்கிவிட்டுப் பருப்பு வாங்கக் கையில் காசில்லாமல் நிற்பார்கள். கடலை அறுவடையாகி வரும்போது வாங்கிக் காயவைத்து அடுக்கினால்தான் வருடம் முழுக்க ஒரே தரம் கிடைக்கும். அதற்கு மொத்தமாகப் பணம் வேண்டும். அப்புறம், செக்கின் உரலும் உலக்கையும் வாகை மரமாக இருந்தாலும் தேயும். வருடத்துக்கு ஒரு முறை ஆசாரியை வரவழைத்துச் சீவிச் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டருக்கு எப்படி விலை வைக்கிறீர்கள்?

இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு தடவைக்கு 16 கிலோ நிலக்கடலைப் பருப்பு போடுகிறோம். முக்கால் மணி நேரம் ஓடும். வெயிலில் மூன்று நாள் தெளிய வைத்துக் கசண்டு நீக்கினால் ஏறத்தாழ ஆறரை லிட்டர் எண்ணெய் நிற்கும். புண்ணாக்கு 9 கிலோ வரும்.

பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் 1,920. புண்ணாக்கை மாட்டுக்காரர்கள் 45 ரூபாய்க்கு எடுத்தால் 405 திரும்பி வருகிறது. மீதி 1,515. அதை ஆறரையால் வகுத்தால் லிட்டருக்கு 233. பாட்டில், மூடி, லேபிள் 15. மின்சாரம் 3. ஆக ஒரு லிட்டருக்கு நேரடியாக ஆகும் செலவு 251 ரூபாய். நான் 340க்கு விற்றால் லிட்டருக்கு 89 மிஞ்சும்.

இதோடு கணக்கை முடித்துவிட்டு "லிட்டருக்கு 89 ரூபாய் லாபம்" என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். அது லாபமே இல்லை. எண்ணெய் விற்றாலும் விற்காவிட்டாலும் மாதாமாதம் போகும் பணம் ஒன்று இருக்கிறது. வாடகை, கடன் தவணை, பழுது எல்லாம் சேர்ந்து 18,000. உதவிக்கு இருக்கும் அக்காவுக்கு ஒரு நாளைக்கு 600 வீதம் 25 நாளுக்கு 15,000. என் கூலி ஒரு நாளைக்கு 900 வீதம் 22,500. மொத்தம் 55,500.

55,500ஐ 89ஆல் வகுத்தால் 624 லிட்டர். மாதம் 624 லிட்டர் விற்றால்தான் செக்கு தன் செலவையும் என் கூலியையும் தாங்கும். என் கூலியை எழுதாமல் விட்டால்? 33,000ஐ 89ஆல் வகுக்க வேண்டும், 371 லிட்டர் போதும்.

இந்த 371க்கும் 624க்கும் நடுவில்தான் நல்ல மனசுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மாதம் 400 லிட்டர் விற்றால் கையில் 2,600 ரூபாய் மிஞ்சும். நஷ்டம் இல்லை, தொழில் ஓடுகிறது என்று தோன்றும். ஆனால் அந்த 2,600தான் 25 நாள் நின்றதற்கான என் முழுக் கூலி. இதை இரண்டு வருடம் தாங்கலாம். மூன்றாம் வருடம் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வரும். அப்போது பருப்புக்காரருக்கு "அடுத்த வாரம் தர்றேன்" என்று சொல்வோம். கொஞ்சம் மட்டமான கொப்பரை வாங்குவோம். யாரும் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்வதில்லை. தன் கூலியை எழுதாமல் விட்டவர்கள் கடைசியில் அங்கே போய்த்தான் நிற்கிறார்கள். அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: விலைப் பட்டியலில் உங்கள் கூலியை எழுதுங்கள், அதற்கு அப்புறம் கொள்கையைப் பற்றிப் பேசலாம்.

எனக்கு 371ஐத் தாண்ட 22 மாதம் ஆனது. 624ஐத் தொட்டது நான்காம் வருடம். முதல் வருடம் ஆள் வைத்துக்கொள்ளவில்லை, எல்லாவற்றையும் நானே செய்தேன்.

இருபது ரூபாய் குறைத்தால் கூட்டம் வருமே?

வரலாம். 320க்கு விற்றால் லிட்டருக்கு 69தான் மிஞ்சும். 55,500ஐ 69ஆல் வகுத்தால் 804 லிட்டர். இருபது ரூபாய் குறைத்ததற்கு மாதம் 180 லிட்டர் கூடுதலாக விற்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர் என்றால் அறுபது புதுக் குடும்பங்கள். எனக்கு இருநூறு குடும்பங்களை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

பெரிய ஆலைகளில் புண்ணாக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்துவிடுவார்கள். செக்கில் அது முடியாது, புண்ணாக்கோடு கொஞ்சம் எண்ணெய் போகத்தான் செய்யும். அந்த விலையோடு நாம் போட்டி போட வழியில்லை. மரச்செக்கு எண்ணெய் என்று சொல்லிப் பருப்பு விலையைவிடக் குறைவாக ஒருவர் விற்றால், இரண்டரை கிலோ பருப்பின் விலையை மனதில் கூட்டிப் பாருங்கள். மற்றது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எதை விட்டுக்கொடுக்கவே இல்லை? எதை விட்டுக்கொடுத்தீர்கள்?

விட்டுக்கொடுக்காதவை மூன்று. சரக்கு இறங்கிய நாளிலேயே பணம். கந்தகப் புகை போட்ட கொப்பரை வாங்குவதில்லை. பூஞ்சை பிடித்த பருப்பு செக்குக்குள் போவதில்லை.

மூன்றாவதைப் பாடம் படித்துத்தான் கற்றேன். இரண்டாம் வருடம் ஒரு வியாபாரியிடம் கொஞ்சம் விலை குறைவாகப் பத்து மூட்டை, 400 கிலோ பருப்பு வாங்கினேன். மேல் மூட்டையைக் கொட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அடி மூட்டைகளில் ஈரம். இரண்டு நாள் ஆட்டிய பிறகுதான் எண்ணெயில் ஒரு மக்கல் வாடை தெரிந்தது. அதற்குள் 22 பாட்டில் வீடுகளுக்குப் போய்விட்டது. நோட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் செய்து, வீட்டுக்கே போய்த் திரும்ப வாங்கிக் காசைக் கொடுத்தேன். ஈரக் கடலையில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு மாட்டுக்குப் போட்டால் பாலில் இறங்கும். அதனால் புண்ணாக்கையும் விற்கவில்லை, குழி தோண்டிப் புதைத்தோம். எண்ணெய் மிச்சத்தைத் துணி சோப்புக் காய்ச்சும் ஒருவருக்குக் கொடுத்தேன். 44,000 ரூபாய் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டையிலும் அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துக் கடித்துப் பார்க்காமல் எடை போடுவதில்லை. போன் வந்த 22 வீட்டுக்காரர்களில் பத்தொன்பது பேர் இன்னும் எங்களிடம்தான் வாங்குகிறார்கள்.

விட்டுக்கொடுத்தது கண்ணாடிப் பாட்டில். பிளாஸ்டிக் கூடாது என்றுதான் தொடங்கினேன். பஸ் பார்சலில் உடைந்துகொண்டே இருந்தது. ஒரு மாதத்தில் உடைந்ததன் மதிப்பு என் கூலியில் கால் பங்கு. கடைசியில் வெளியூருக்கு மட்டும் பிளாஸ்டிக் பாட்டில், உள்ளூருக்குக் கண்ணாடி, பாட்டிலைத் திருப்பித் தந்தால் காசு என்று மாற்றிக்கொண்டேன். இது எனக்கு முழுத் திருப்தி தரும் முடிவு இல்லை. சொந்தக் கடலை கொண்டுவந்து கூலிக்கு ஆட்டிக்கொள்பவர்கள் தூக்குப்பாத்திரத்தோடு வருகிறார்கள், அவர்களைப் பார்த்தால் ஆறுதல்.

"உடம்புக்கு நல்லது, கொழுப்பைக் கரைக்கும்" என்று சொல்லி விற்கலாமா?

கூடாது. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, அதைத் தனிச் சிறப்பாக எழுதுவதே ஏமாற்று. கொலஸ்ட்ராலை எதிர்க்கும், இதயத்துக்கு இதம் என்கிற மாதிரி வாசகங்களை எண்ணெய் லேபிளில் போட உணவுப் பாதுகாப்பு விதிகளும் தடை செய்கின்றன. நான் சொல்வதெல்லாம் எங்கே விளைந்தது, என்றைக்கு ஆட்டியது, வேறெதுவும் கலக்கவில்லை, அவ்வளவுதான். நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம் என்பதையும் சொல்லிவிடுவேன். சர்க்கரை நோயாளி ஒருவர் இதைக் குடித்தால் சரியாகுமா என்று கேட்டார். டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

பதிவு, உரிமம் எல்லாம் பெரிய தலைவலியா?

ஒரு வாரம் அலைந்தால் முடியும். உணவுப் பாதுகாப்புத் துறையில் விற்றுமுதலைப் பொறுத்துப் பதிவோ உரிமமோ எடுக்க வேண்டும். சிறு, குறுந்தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது, முழுக்க இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசுடையது இல்லை. பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை தமிழ்நாட்டுக்குள் விற்க ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. வெளி மாநிலத்துக்கு எண்ணெய் அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே வேண்டும். பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர் மூலம் விற்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

தராசுக்கு முத்திரை போட வேண்டும், அது நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. சமையல் எண்ணெயை அளந்து ஊற்றிச் சில்லறையாக விற்பதை விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அடைத்து, அளவு, விலை, அடைத்த மாதம், முகவரி எல்லாம் ஒட்டித்தான் விற்க வேண்டும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை இருக்கும். நான் எடை போட்டுத்தான் நிரப்புகிறேன். வெயில் காலத்தில் எண்ணெய் விரியும், கண்ணளவை நம்பினால் வாங்குபவருக்குக் குறையும்.

கடன், மானியம்?

முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை, தருண் பிரிவில் 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. சிறு உணவுத் தொழில்களுக்கென்று மத்திய அரசு 2020இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். இப்போது எந்தத் திட்டத்தில் விண்ணப்பம் எடுக்கிறார்கள் என்பதை உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். இடைத்தரகர் தேவையே இல்லை.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். இந்த மாதிரித் திட்டங்களில் மானியம் கையில் வராது. வங்கியில் உங்கள் கடன் கணக்கோடு ஒட்டி வைத்திருப்பார்கள். மூன்று வருடம் தவணை ஒழுங்காகக் கட்டினால்தான் கழித்துக்கொள்வார்கள். மானியத்தை நம்பிப் பெரிய செக்கு வாங்காதீர்கள். உங்கள் விற்பனைக்கு எந்தச் செக்கு போதுமோ அதை வாங்குங்கள்.

கடைகளுக்குக் கடனுக்குக் கொடுக்கலாமா?

நான் கொடுப்பதில்லை. முதல் வருடம் மூன்று கடைகளுக்குக் கொடுத்தேன். நான் அந்த லேபிள்காரர் இடத்தில் நின்றேன். "பத்து நாள் கழிச்சு வாங்க" என்பதை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. உங்கள் தொழிலில் கடன் தவிர்க்க முடியாது என்றால் உத்யம் பதிவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டுச் சிறு, குறுந்தொழில் சட்டப்படி நம்மிடம் சரக்கு வாங்கியவர்கள் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. தாமதமானால் வட்டி கேட்கலாம், புகார் தரலாம். பில்லின் அடியில் அந்த ஒரு வரியை அச்சடித்தாலே கொஞ்சம் வேகமாக வரும்.

சொந்தக்காரர்களுக்குக் குறைத்துக் கொடுப்பீர்களா?

இல்லை. தீபாவளிக்கு ஒரு பாட்டில் சும்மா கொடுப்பேன். விலை எல்லோருக்கும் ஒன்றுதான்.

வீட்டுக் கணக்கை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

செக்குக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒன்று. 1ஆம் தேதி செக்குக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு என் கூலி 22,500 போகும். அதற்குமேல் கல்லாவிலிருந்து பத்து ரூபாய் எடுத்தாலும் நோட்டில் எழுத வேண்டும், பால் வாங்கினாலும் சரி. தீபாவளிக்கு முன்னால் விற்பனை ஏறும், அந்த மாதத்தில் மிஞ்சுவதைத் தொடுவதில்லை. அது அடுத்த அறுவடைக்குப் பருப்பு வாங்கும் பணம். கல்லாவில் நோட்டுக் கட்டு தெரிந்தாலே அது நம் பணம் என்று தோன்றிவிடும், அந்த மயக்கம் எனக்கும் இரண்டு வருடம் இருந்தது.

வேலையில் இருந்தபோது பிஎஃப் தானாகப் பிடித்தார்கள். இப்போது நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். நான் பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் மாதம் 2,000 போடுகிறேன். அதில் வருடத்துக்கு 500 ரூபாய் முதல் 1.5 லட்சம் வரை போடலாம், 15 வருடக் கணக்கு. கம்பெனி போனதோடு இஎஸ்ஐயும் போய்விட்டதால் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறேன். இந்த இரண்டையும் என் கூலிக்குள் அடக்கித்தான் ஒரு நாளைக்கு 900 என்று வைத்தேன். வேலையை விடும்போது பிஎஃப் பணத்தை முழுக்க எடுத்துச் செக்கில் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

கொள்கையும் கணக்கும் ஒத்துப்போகும் என்று உண்மையிலேயே நம்புகிறீர்களா?

நம்புகிறேன். ஜே.சி. குமரப்பாவைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு இந்த நம்பிக்கை உறுதியானது. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கையாளராக நல்ல நிலையில் இருந்தவர். காந்தியைச் சந்தித்த பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டார். 1934இல் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு அவருடையதுதான். அங்கே அவர்கள் கையில் எடுத்த வேலைகளில் செக்கைத் திருத்தி அமைப்பதும் ஒன்று. மாடு குறைந்த சிரமத்தில் இழுக்க வேண்டும், ஆட்டுபவருக்கு அதிக எண்ணெய் கிடைக்க வேண்டும் என்று அளந்து பார்த்துச் செய்தார்கள். கடைசிக் காலத்தில் மதுரை பக்கம் டி.கல்லுப்பட்டியில் இருந்தார், 1960இல் மறைந்தார்.

ஒரு கணக்கர்தான் கிராமத் தொழிலுக்குத் தூணாக நின்றார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். 14 வருடம் கற்ற கணக்கு வீண் என்று நினைத்திருந்தேன். அதுதான் இப்போது செக்கைக் காப்பாற்றுகிறது.

என் தொழில் தையல். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

என் தங்கையே தையல்தான். ஒரு ரவிக்கைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒரு வாரம் கடிகாரம் வைத்து எழுதச் சொன்னேன். லைனிங் வைத்ததற்கு மூன்று மணி நேரம். ஊக்கு, நூல், லைனிங் துணி, மின்சாரம் போக மணிக்கு 35 ரூபாய்தான் நின்றது. அவளுக்கே அதிர்ச்சி. விலையை ஏற்றினாள், நான்கைந்து பேர் நின்றுவிட்டார்கள், மற்றவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சொன்ன தேதியில் கொடுப்பது என்று ஒரே ஒரு கொள்கை வைத்திருக்கிறாள். முன்பு மணிக்கு 35க்காக அளவுக்கு மீறித் துணி வாங்கிப் போட்டிருந்ததால் அந்த ஒன்றைத்தான் அவளால் காப்பாற்ற முடியாமல் இருந்தது.

எப்போது மூடிவிட வேண்டும்?

தொடங்கும் முன்பே இதை எழுதி வையுங்கள். நானும் கணவரும் 2018 தையில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். 24 மாதம் முடிவதற்குள் என் கூலி என்று ஒரு ரூபாயாவது வராவிட்டால் மூடுவது, நகையை அடகு வைத்துப் பருப்பு வாங்கக் கூடாது, இந்த இரண்டுதான். 21ஆம் மாதம் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

மூட நேர்ந்தால் வரிசை முக்கியம். கையிருப்புப் பருப்பை ஆட்டி விற்றுத் தீருங்கள். அதில் வரும் பணத்தில் உதவியாளர் சம்பளம், அப்புறம் விவசாயிக்கு ஏதாவது நின்றிருந்தால் அது, அதற்குப் பிறகு வங்கி. பழைய செக்கு ஓரளவு விலைக்குப் போகும், மோட்டார் தனியாகவும் விற்கும். டிரம்மை மட்டும் நன்றாகக் கழுவிக் காயவைத்து விற்றுவிடுங்கள், எண்ணெய் ஒட்டியிருந்தால் சிக்கு வாடை ஏறி யாரும் வாங்கமாட்டார்கள்.